அவள் சொன்ன சாட்சி

நன்றியை எதிர்பார்த்துத்தான் போனேன். அதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

ராஜபாளையத்தில் எங்கள் கோயில் பங்கில் நானும் அவளும் ஒரே அன்பியம். தெருவில் உள்ள கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து, வாரம் ஒரு வீட்டில் ஜெபமாலை சொல்லும் கூட்டம் அது. வேலையும் ஒரே பேண்டேஜ் கம்பெனியில்தான். அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது புருஷன் திருப்பூரில் இருந்தான். ஷிப்டு முடிந்ததும் நான் போவேன். கஞ்சி காய்ச்சினேன். புண்ணுக்குக் கட்டு மாற்றினேன். தலைக்கு ஊற்றிவிட்டேன். அன்பியத்தார் முறை வைத்துச் சோறு கொடுத்தார்கள். பங்குச் சாமியார் வீட்டுக்கே நற்கருணை கொண்டுவந்தார்.

தேறி எழுந்ததும் அவள் கோயிலுக்கு வருவது நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெந்தெகொஸ்தே ஜெபவீட்டுக்குப் போகிறாள் என்றார்கள். எங்கே முழங்கால் போட்டாலும் கடவுள்தானே என்று விட்டுவிட்டேன். ஒருநாள் அவளே வந்து, தான் சுகமானதற்கு ஞாயிற்றுக்கிழமை அங்கே சபை முன்னால் சாட்சி சொல்லப்போவதாகவும் நான் கண்டிப்பாக வர வேண்டும் என்றும் சொன்னாள். பூசையை விட்டுவிட்டு நல்ல சேலை கட்டி பஸ் ஏறினேன்.

மைக்கைப் பிடித்து அவள் சொன்னது இதுதான்: "நான் சாகக் கெடந்தேன். பழைய கோயில்ல இருந்து ஒரு ஆளு எட்டிப் பாக்கல. ஒரு வாய்த் தண்ணி குடுக்க நாதியில்ல. கர்த்தர் மட்டுந்தான் வந்தாரு."

கூட்டம் அல்லேலூயா சொன்னது. பக்கத்தில் இருந்த அம்மா, பாவம் அநாதையாகக் கிடந்திருக்கிறாளே என்று என்னிடமே சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு வெட்கமே இல்லை.

"கோவிச்சுக்கிடாதட்டி. சாட்சின்னா அப்படித்தான் சொல்லணும். ஆளு இருந்துச்சுன்னா கர்த்தர் செஞ்சதுக்கு என்ன மதிப்பு?"

"அப்ப கஞ்சி காய்ச்சினது யாரு?"

"கர்த்தர்தான ஒன்னய அனுப்புனாரு."

"அதை அந்த மைக்குல சொல்லிருக்கலாம்ல?"

அவள் செருப்பைத் தேடினாள்.

அதற்குப் பிறகு யார் வீட்டுக்கும் போவதில்லை என்று முடிவு செய்தேன். அன்பியத்தில் ஒரு அக்கா வழுக்கி விழுந்து கால் ஒடிந்து கிடந்தார். ஜெபமாலைக் கூட்டத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இன்றைக்குக் கஞ்சி குடிப்பார்கள், நாளைக்கு மைக்கில் ஆளே வரவில்லை என்பார்கள், வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். ஜெபமாலையை முடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

கம்பெனியில் துணி மடிக்கும்போதெல்லாம் அவள் பேச்சுத்தான் காதில் ஓடியது. ஒரு ஆளு எட்டிப் பாக்கல. பொய்க்காரி என்று மனதுக்குள் திட்டினேன். அப்போதுதான் உறைத்தது: நான் இப்படியே வீட்டில் இருந்தால் அவள் சொன்னது பொய் இல்லை. அவள் பொய்யை நானே உண்மையாக்கிக் கொடுக்கிறேன். அவளுக்கு அந்த வேலையை நான் ஏன் செய்ய வேண்டும்?

அன்று ஷிப்டு முடிந்ததும் நேரே அந்த அக்கா வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். இரக்கம் வந்து போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபத்தில்தான் போனேன். கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உப்பே இல்லையே. யாருட்டி ஒனக்குச் சமையல் சொல்லிக்குடுத்தா?"

தட்டை வாங்கி உப்புப் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். இப்போதும் போய்க்கொண்டிருக்கிறேன். அவளை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.