புல் வெட்டும் மெஷினும் என் வலது கையும்

நானும் என் மனைவியும் புதுச்சேரியில் பெரிய வீடுகளுக்குத் தோட்ட வேலை செய்கிறோம். மழை விட்ட மறுவாரம் எங்களுக்குத் திருவிழா. புல் முழங்காலுக்கு மேல் நிற்கும், எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் போன் வரும். தோளில் மாட்டிப் புல் வெட்டும் மெஷினை மட்டும் அப்போதெல்லாம் நான் அவளிடம்கூடக் கொடுக்க மாட்டேன். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு இஷ்டம்.

போன மழைக்குப் பிறகு, மெஷினை நிறுத்தினாலும் கையில் நடுக்கம் நிற்கவில்லை. விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போயின. ஞாயிற்றுக்கிழமை குருசுக்குப்பத்தில் பெத்தாங் ஆடப் போனேன். மணலில் இரும்புக் குண்டு வீசும் பிரெஞ்சுக்காரர் ஆட்டம் அது. குண்டு கையில் இருக்கிறதா என்றே தெரியாமல், வீசுவதற்கு முன்பே நழுவிக் காலடியில் விழுந்தது.

"இன்னா மாமா, குண்டு இங்கயே வெடிச்சிடுச்சா?" என்று மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான்.

நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பயந்துபோனேன். இந்த ஆட்டம் போனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது.

நானே வைத்தியம் பார்த்தேன். பழைய சைக்கிள் ட்யூபை மெஷினின் கைப்பிடியில் சுற்றினேன். பிடி தடித்துப்போய், இன்னும் அழுத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று. நடுக்கம் முழங்கை வரை ஏறியது.

மனைவி பார்த்துவிட்டுக் கத்தினாள். "ஏன்யா, அது இன்னா திருடனா? கழுத்த நெரிக்கற மாதிரி புடிக்கற! பெத்தாங் குண்ட இப்டியா புடிப்ப?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் சரியாகத்தான் கேட்டாள். குண்டை இறுக்கினால் அது எங்கேயோ போகும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். ட்யூபை அறுத்து எறிந்தேன். மெக்கானிக் வளைந்திருந்த வெட்டுத் தகட்டை மாற்றினார், மெஷினின் பாதி அதிர்வு அதிலேயே அடங்கியது. டாக்டர் கொஞ்ச நாள் மெஷினைத் தொடக்கூடாது என்றார். அதுவரை அவள் வெட்டினாள், என்னைவிடச் சீராக. அதற்குப் பிறகும் மெஷினை முழுசாகத் திருப்பித் தரவில்லை. கொஞ்ச நேரம் அவள், கொஞ்ச நேரம் நான். எடையைத் தோள்பட்டையில் மாட்டிய வாரில் விட்டுவிட்டு, கையைப் பிடியில் லேசாக வைத்துக்கொள்கிறேன்.

மறுபடி ஆடப் போன அன்று குண்டை எடுத்தேன். சில்லென்று இருந்தது! இரும்பின் குளிர், மேலே ஓடும் கோடு, ஒட்டியிருந்த மணல், அத்தனையும் விரலுக்குத் தெரிந்தது.

"மாமா, வீசப் போறீங்களா, கொஞ்சப் போறீங்களா?" என்றான் மச்சான்.

"இரு மச்சான், இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருக்கேன்" என்றேன்.