மூடிய சக்கரம்

என் மனைவியின் தம்பி ஒரு கம்பெனி அணிக்காகச் சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டினான். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை தனித்தனியாக விட்டு நேரம் பார்க்கிற பந்தயங்களில் அவனை முந்த ஆள் இல்லை. அதெல்லாம் சாதாரண கம்பிச் சக்கரத்தில் ஜெயித்தவை.

2008-இல் கம்பெனி வெளிநாட்டிலிருந்து ஒரு பின்சக்கரம் வரவழைத்தது. கம்பிகளே இல்லாமல் தட்டுப்போல முழுக்க மூடியது. ஓடும்போது வெற்றுப் பானைக்குள் காற்று புகுந்த மாதிரி முனகும். அதைப் பூட்டி ஓட்டிய முதல் பந்தயத்திலும் அவன்தான் முதலாவதாக வந்தான்.

சிதம்பரத்தில் பரிசளிப்பு. கம்பெனி அதிகாரி அந்தச் சக்கரம் காற்றைக் கிழிக்கும் விதத்தை வெகுநேரம் விளக்கினார். முதல் மாலை சைக்கிளுக்கு விழுந்தது. மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் சக்கரம் முழுசாக இருந்தது. அவனுக்கு இடுப்புக்கு மேலே காணோம். வீட்டில் எல்லாரும் சிரித்தோம், அவனும்தான்.

அடுத்த பந்தயத்தில் சக்கரத்தை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பையன் பின்தங்கிப் போனான். பையனுக்குப் பயிற்சி போதவில்லை என்றார் அதே அதிகாரி. அன்று இரவு மச்சான் சரியாகச் சாப்பிடவில்லை.

"மாமா, அது இல்லாட்டி நான் ஜெயிச்சிருப்பனா?"

"இதுக்கு முன்னாடி எதை வச்சி ஜெயிச்ச?" என்றேன்.

"அது முன்னாடி. இப்ப எப்பிடி தெரியும்?"

கம்பெனியில் கேட்டு அந்தச் சக்கரத்தை வாங்கிவந்து, தெரிந்துகொள்ளக் கிளம்பினான். ஒரு நாள் பழைய சக்கரம், மறுநாள் புதியது. நான் பைக்கில் கடிகாரத்தோடு பின்னால் போவேன். கடல்காற்று எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதைப் பொறுத்து விடையும் மாறியது. கால் வலுத்த நாளில் பழையது ஜெயிக்கும், தூங்காத நாளில் எதைப் பூட்டினாலும் தோற்கும். கடைசியில் புதிய சக்கரத்தைக் கம்பெனியிலேயே ஒப்படைத்துவிட்டான். முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு காலை வெள்ளாற்றுப் பாலத்தில் சட்டென்று நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"அந்த முனகல் பின்னாடி வருது மாமா. கேக்குதா?"

திரும்பிப் பார்த்தேன். ரோடு காலியாக இருந்தது. அவன் சைக்கிளில் இருந்தது பழைய கம்பிச் சக்கரம். ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லவந்தேன்; அவன் பார்த்த பார்வையில் எனக்கே நிச்சயமில்லாமல் போயிற்று. அங்கிருந்து வீடு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தான். அதன்பிறகு ஏறவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனோம். காதில் கோளாறு எதுவுமில்லை என்றார்.

பிறகு அதே வழித்தடத்தில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர் ஆனான். 2012-இல் ஒருநாள் நான் அந்த பஸ்ஸில் இருந்தேன். புதுச்சத்திரத்தில் ஏறிய ஒரு பெரியவர் அவனை உற்றுப் பார்த்துவிட்டு, ரேஸில் ஓட்டியவன்தானே என்று விசாரித்தார். அவன் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"அந்த சைக்கிள் இப்ப எங்க இருக்கு தம்பி?"

அவன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, படிக்கட்டுக்குப் போய் வெளியே பார்த்தபடி நின்றான். சிதம்பரம் வரும்வரை உள்ளே திரும்பவே இல்லை.