எல்லோரும் ஏரி என்றார்கள்

முதலில் நின்றுபோனது பூச்சிச் சத்தம்.

கொரட்டூர் ஏரிக்கரையை ஒட்டி அக்கா வீடு. வேலிகாத்தான் புதர்களும் விற்காத மனைகளுமாகக் கிடந்த தெருவில் ஐந்தாறு வீடுகள்தான் இருந்தன. பொழுது சாய்ந்தால் புதரிலிருந்து கிர்ரென்று ஒரு இரைச்சல் கிளம்பும். நான் போன புதிதில் அது தலைக்குள் துளை போடுவதுபோல இருக்கும். ஒருநாள் வாசற்படியில் உட்கார்ந்து இருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டிவிட்டது. சத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. யாரோ புதருக்கு மருந்தடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

காசநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என் படிப்பு எட்டாவதோடு சரி. மருத்துவம் தெரியாது. எனக்கு நடந்தது மட்டும் தெரியும்.

சின்ன வயதிலேயே லாரியில் ஏறியவன் நான். முதலில் கிளீனர், பிறகு டிரைவர். பூந்தமல்லியில் சரக்கு ஏற்றினால் நாக்பூர், ராய்ப்பூர் என்று போய்விடுவேன். எனக்கென்று வீடு கிடையாது. இருமலில் முதல்முறை இரத்தம் வந்தது விஜயவாடாவில். அங்கே மாத்திரை கொடுத்தார்கள். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டு வண்டி ஏறினேன். மறு வருடம் நோய் திரும்பி வந்தது. அப்போது தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன.

சென்னையில் அரசு மருத்துவர் எக்ஸ்-ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வலது நுரையீரலில் வெள்ளையாகப் படிந்திருந்த இடத்தைக் காட்டினார். சளிப் பரிசோதனையிலும் (சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) கிருமி இருந்தது. இந்தமுறை மாத்திரைகளோடு ஸ்ட்ரெப்டோமைசினும் (காசநோய்க் கிருமியைக் கொல்ல இடுப்பில் போடும் ஊசி மருந்து) தினமும் போட வேண்டும் என்றார்.

“காது கேக்கறதுல வித்தியாசம் தெரிஞ்சாலோ, தலை சுத்தினாலோ உடனே வந்து சொல்லணும்” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “ரெண்டாவது தடவை இது. இதையும் பாதியில விட்டுட்டு ஓடினா, மூணாவதுன்னு ஒண்ணு கிடையாது. புரியுதா?”

புரிந்தது. அதனால்தான் அக்கா வீட்டுக்கு வந்தேன்.

அக்கா பெயர் சரோஜா. மாமாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. பிள்ளைகள் இல்லை. எனக்குப் பின்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள்.

“தட்டு, டம்ளரு தனியா வெச்சிக்கீறேன்னு கோச்சிக்காதடா” என்றாள் அக்கா.

“ஸ்டெப்னி டயர் மேல இலய வெச்சித் துன்னவன்கா நானு. தட்டே ஜாஸ்தி.”

மாமா சிரித்தார். “நல்ல அமைதியான எடம் மச்சான். ஏரியோரம் மண்ணு கொட்டி ரொப்பிதான் ஊடு கட்டனேன். ஒரு சத்தம் இருக்காது. சீக்கிரம் தேறிக்குவே.”

அந்த வார்த்தையை அப்படியே நம்பினேன். சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றபோது, இடம் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

காலை ரயிலுக்கு ஆட்கள் போய்விட்டால் மாலைவரை அந்தத் தெருவில் நடமாட்டம் இருக்காது. ஒருநாள் நண்பகலில் தெரு நடுவே நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று என் தோளை உரசிக்கொண்டு ஒரு சைக்கிள் நின்றது. ரொட்டிக்காரர். எப்படி வந்தார் என்று தெரியவில்லை. அவருடைய கட்டைவிரல் மணியின் மேல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மணி அடிக்கவில்லை.

“பெல்லு அட்ச்சிகினே வர்றேன், நட்ட நடு ரோட்ல தூணு மாரி நிக்கிறியே” என்றார்.

மணி கெட்டுப்போனதுகூடத் தெரியாமல் ஓட்டுகிறார் என்று நான் பரிதாபப்பட்டேன்.

அடுத்தது குக்கர். அக்கா தண்ணீர் பிடிக்கப் போகும்போது, மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். நான் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தேன். விசில் வரவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மேலே இருந்த குண்டு எழும்பிக் குதித்தது. ஆவி பீறிட்டு அடித்தது. குண்டு உட்கார்ந்தது, மறுபடி எழும்பியது. ஒரு சின்ன சத்தமும் இல்லை. யாரோ ஒருவன் வாயை அகலத் திறந்து ஓலமிடுவதைக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் இருந்து பார்ப்பது போலிருந்தது. சோறு தீயும் வாசனை வந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

அக்கா ஓடிவந்து அணைத்தாள். “எதிர்லயே குந்திகினு இன்னாடா பண்றே?”

“விசில் வரலக்கா. குண்டு அடச்சிகிச்சி.”

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இதற்குள் தரை ஆட ஆரம்பித்திருந்தது. சோப்புப் போட்டு முகம் கழுவக் கண்ணை மூடினால், நிற்கும் இடம் தெப்பம் போல நழுவும். ஒருமுறை அப்படியே கிணற்றடியில் சாய்ந்துவிட்டேன். தெருவில் நடந்தால் எதிர்வீடுகள் மேலும் கீழும் குதித்தன. வேலியும் மின்கம்பமும் ஆளும் எல்லாம் அலைமேல் இருப்பதுபோல ஏறி இறங்கின. நான் நின்றால் தெருவும் நின்றது. நான் அடி வைத்தால் அதுவும் புறப்பட்டது.

ஏரியோரம் மண் கொட்டி ரொப்பியது என்று மாமா சொன்னது எனக்கு மறக்கவில்லை. மண்ணுக்குக் கீழே தண்ணீர் அசைகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்போடு படுத்தால் பாய்க்கடியில் அது நகர்வது தெரியும்.

பிறகு எல்லோரும் ஏரியைப் பற்றியே பேசத் தொடங்கினார்கள்.

காலையில் மாமா செருப்பு மாட்டிக்கொண்டு அக்காவிடம் “ஏரி, வர்றேன்” என்றார். பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் நின்று அக்காவிடம் ஏதோ பேசி, போகும்போது “ஏரி ஏரி” என்று தலையாட்டினார். அம்பத்தூரில் எனக்கு ஊசி போடும் சிஸ்டர் பஞ்சை அழுத்திவிட்டு “ஏரி, எழுந்திரு” என்றார். எந்தப் பேச்சாக இருந்தாலும் கடைசியில் அந்தச் சொல்லில் வந்து முடிந்தது. சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவர்களுக்குள் பேசி முடிவாகியிருந்தது போலிருந்தது.

பொறுக்க முடியாமல் அக்காவைக் கேட்டேன். “இன்னாத்துக்குக்கா எல்லாரும் ஏரி ஏரின்றீங்க?”

“எந்த ஏரிடா?”

“காலைல மாமா சொன்னாரே. இப்ப நீகூட சொன்னியே.”

அக்கா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோல, “ஏரி, நீ போய்ப் படு” என்றாள்.

அன்று மாலை நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவதை மாமா பார்த்துவிட்டார்.

“வாய ஊது மச்சான்.”

“இன்னா மாமா?”

“ஊதுன்றேன்.”

ஊதினேன். அவர் மோந்து பார்த்தார்.

“ஊசி போட்டுகினு கீறவன் எங்கய்யா போய்க் குடிக்கப்போறான்? நீ வேற” என்று அக்கா அவரை விலக்கினாள். மாமா சந்தேகம் தீராமலே ஏதோ திட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் பிற்பகல், அக்கா கடைக்குப் போயிருந்தபோது, துணிகளைப் பையில் திணித்தேன். இதுவரை எத்தனையோ ஊர்களிலிருந்து இப்படிக் கிளம்பியிருக்கிறேன். ஒரு இடம் ஒத்துவரவில்லை என்றால் கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். வேப்பம்பட்டில் ஒரு பழைய லாரிக் கூட்டாளி இருந்தான். அவனிடம் போனால் ஏதாவது வண்டி கிடைக்கும். மாத்திரைகள் ஜன்னலில் இருந்தன. எடுக்கவில்லை. மருத்துவர் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. இருந்தும் எடுக்கவில்லை.

கொரட்டூர் ஸ்டேஷனில் ரயில் ஊதிக்கொண்டு வந்தது. அந்த ஊதல் நன்றாகக் கேட்டது. சக்கரத்தின் தடதடப்பும் கேட்டது. கோளாறு அந்தத் தெருவில்தான் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. ஆவடி தாண்டும்போது மனம் லேசாக இருந்தது.

வேப்பம்பட்டில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் வயல், இந்தப்பக்கம் புதர். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடை. டீயை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். இருட்டட்டும், பூச்சிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு எழுந்திருக்கலாம் என்று இருந்தேன். அத்தனை நாள் அந்தச் சத்தத்துக்கு ஏங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இருட்டியது. புதர் அசையாமல் நின்றது.

“அண்ணே, இங்க பூச்சிலாம் கத்தாதா?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

அவர் வடிகட்டியைப் பிடித்தபடி திரும்பினார். “இன்னா மாமே, கலாய்க்கிறியா? காதப் பொளக்குது பாரு!”

பெஞ்சில் இருந்த பெரியவர் புதர்ப் பக்கம் கையை நீட்டினார். “மழ வர்ற மாரி கீது. அதான் இந்தக் கத்து கத்துது.”

அவர் காட்டிய திசையைப் பார்த்தேன். இருவரும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே எதுவும் இல்லை.

தம்ளரை வைத்துவிட்டு “வர்றேண்ணே” என்றேன்.

கடைக்காரர் தலையாட்டினார். “ஏரி” என்றார்.

என் அக்கா வீட்டு ஏரி அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அப்படியே நின்றேன். பிறகு, யாரும் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, ‘சரி’ என்று சொல்லிப் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்ததும் ஏரி என்றுதான் என் காதில் விழுந்தது. ‘சரோஜா’ என்று அக்காவின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அதில் முதல் எழுத்து இல்லை.

அந்த அமைதி தெருவில் தங்கவில்லை. என்னோடு ரயிலேறி, என் பக்கத்தில் உட்கார்ந்து, வேப்பம்பட்டில் இறங்கியிருந்தது. நான் எந்த லாரியில் ஏறினாலும் அதுவும் ஏறும்.

கூட்டாளி வீட்டுக்குப் போகவில்லை. வந்த வழியே அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

வாசலில் அக்காவும் மாமாவும் நின்றிருந்தார்கள். அக்கா என் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எனக்குக் காது போயிடுச்சி மாமா” என்றேன்.

மாமா என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். பிறகு, “அப்ப நேத்து உன்னத் திட்னதுலாம் கேக்கலியா?” என்றார்.

“பாதி கேட்டுச்சி.”

“மீதிய நாளைக்குச் சொல்றேன். உள்ள வா.”

மறுநாள் மருத்துவர் இரண்டு இசைக்கவைகளை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இரும்புக் கவை) எடுத்தார். பெரியதைத் தட்டிக் காதருகே வைத்தார். கேட்டது. சின்னதைத் தட்டினார். அதன் இரண்டு முனைகளும் கலங்கித் தெரியும்படி நடுங்கின. குக்கர் குண்டு குதித்தது போலத்தான். கேட்கவில்லை என்று தலையசைத்தேன்.

என் முகத்துக்கு நேராகக் குனிந்து, உதடு தெரியப் பேசினார். மருந்து உட்காதைத் தாக்கியிருக்கிறது. கேட்பதும், விழாமல் நிற்பதும் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறதாம். சன்னமான சத்தங்களும், ச, ஸ போன்ற எழுத்துகளும் முதலில் போகுமாம்; ரயில் ஊதல் போன்ற தடித்த சத்தங்கள் கேட்குமாம்.

“முதல்லயே ஏன் சொல்லலை? வித்தியாசம் தெரிஞ்சா வரச் சொன்னேனே?”

“காதுன்னு நெனைக்கல சார். ஏரியான்னு நெனச்சேன்.”

அவர் சிரிக்கவில்லை. “ஊசியை இன்னையோட நிறுத்தறேன். போன காது திரும்பி வராது. மாத்திரையை நிறுத்தினா நீயே திரும்பி வரமாட்ட. என்ன சொல்ற?”

அக்கா என் பக்கத்தில் நின்றிருந்தாள். லாரி ஓட்டும் காது எனக்கு இனி இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. “துன்றேன் சார்” என்றேன்.

ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். உங்கள் தெரு ஒருநாள் திடீரென்று அமைதியாகிவிட்டால், தெருவைச் சந்தேகப்படாதீர்கள். ஒரு சாவிக்கொத்தைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். கண்ணை மூடி நின்று பாருங்கள். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆகிறவர்களுக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம்.

மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினேன். மூத்திரம் செக்கச்செவேலென்று போகும், பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். ஒரே வீட்டில் அத்தனை மாதம் நான் இருந்ததே இல்லை. நடப்பதைப் புதிதாகப் பழகினேன். உட்காதின் வேலையைக் கண் எடுத்துக்கொண்டது. மின்கம்பத்தையோ கதவு நிலையையோ பார்வையில் பிடித்துக்கொண்டு நடந்தால் விழமாட்டேன். விளக்கு அணைந்தால் மட்டும் இன்றைக்கும் தரைக்கடியில் தண்ணீர்தான். அது இல்லை என்று தெரிந்த பிறகும் அசைகிறது.

நேரமும் மாறிவிட்டது. முன்பு பூச்சி கத்தினால் அந்தி, ரொட்டிக்காரர் மணி அடித்தால் மதியம், குக்கர் கூவினால் காலை. இப்போது வேளைகள் அறிவிப்பு இல்லாமல் வருகின்றன. பகல் என்று உட்கார்ந்திருப்பேன், நிமிர்ந்தால் இருட்டாக இருக்கும். நடுவில் கொஞ்சம் யாரோ எடுத்துக்கொண்டு போனதுபோல.

கடைசி எக்ஸ்-ரேயின்போது அதே மருத்துவர்தான் இருந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளை படிந்திருந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருந்தது. மற்றபடி இரண்டு பக்கமும் கருப்பாக, தெளிவாக, காற்றில்லாத நாளின் தண்ணீர் போலக் கிடந்தது.

“எல்லாம் ஏரியாயிடுச்சு” என்றார்.

நான் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலில் நின்றிருந்தாள். அவள் என்ன கேட்டாள் என்பது உதட்டில் தெரிந்தது. அவளுக்குப் பின்னால், வீடுகளின் இடைவெளியில் ஏரி ஆடாமல் இருந்தது. மருத்துவர் சொன்னதையே சொன்னேன். என் காதில் அது மறுபடியும் ஏரி என்றுதான் விழுந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்துத்தான், நான் சரியாகச் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன்.