மாட்டுங்கா மெஸ்ஸின் கறுப்புக் கோட்டு

செம்பூரிலிருந்து மங்களாவின் டெலிபோன் வந்தபோது பாதி முகத்தில் சவர சோப்போடு நின்றுகொண்டிருந்தேன். "மாமா, அப்பா போயிட்டார்" என்றாள். "என்னம்மா சொல்றே? இன்னொரு தரம் சொல்லு" என்றேன். பாவம், அழுதுகொண்டே மறுபடியும் சொன்னாள். சுந்தரேசன் போய்விட்டான்.

யுத்த காலத்தில் எங்களோடு அந்த மாட்டுங்கா மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்கு அவனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரசத்தைத் திட்டிக்கொண்டே கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிக்கும் பாலக்காட்டுக்காரன். மாடி அறையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு கறுப்புக் கோட்டு உண்டு. யாருக்கு இண்டர்வியூவோ அன்றைக்கு அது அவனுக்குச் சொந்தம். வேலை கிடைத்து அறையைக் காலி செய்கிறவன் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போகவேண்டும்.

ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஒரே ஒரு ஸ்டெனோ வேலை காலியாக இருந்தது. அதற்கு எங்கள் இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டுவிட்டார்கள். அது கிடைக்காதவன் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். அவன் பெயர் முதலில் இருந்ததால் அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனான். நான் வெறும் சட்டையோடு வராந்தாவில் நின்றேன்.

ஷார்ட்ஹாண்ட் வேகத்தில் நம்மவர்களுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. டிக்டேஷனில் ஒரு வார்த்தை தவறிப்போனால் திரும்பக் கேட்பது மானக்கேடு. நாமாகவே ஏதாவது போட்டு நிரப்பிவிடுவோம். சுந்தரேசனும் அதைத்தான் செய்திருக்கிறான். வெளியே வந்தவன் முகம் செத்துப்போயிருந்தது. கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டான்.

"துரை ஜன்னல் பக்கம் திரும்பிண்டு வேணும்னே முணுமுணுக்கறான். நான் இட்டு நிரப்பினேன், போச்சு. நீ வெட்கப்படாம கேளுடா. கேக்கறவனைத்தான் எடுப்பான்" என்று சொல்லிக்கொண்டே பொத்தானைப் போட்டுவிட்டு என்னை உள்ளே தள்ளினான்.

நான் கேட்டேன். வேலை எனக்குக் கிடைத்தது. "வேலை கோட்டுக்குத்தான் கிடைச்சுது, உனக்கில்லே" என்று ராத்திரி பந்தியில் என்னைக் கேலி செய்து எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

ஊருக்குப் போகாமல் எப்படியோ ஒப்பேற்றி, மறுவருஷம் அதே கம்பெனிக்கு அவனும் வந்து சேர்ந்தான். வந்தவன் எனக்கு மேலேயே போய்விட்டான். எனக்கு அதில் எரிச்சல் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார்கள் கப்பலேறியதும், மேஜைக்கு அந்தப் பக்கம் அவனும் பக்கத்தில் நானுமாக உட்கார்ந்து ஆள் எடுத்தோம். துரையைப் போலவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவனும் முணுமுணுப்பான். எனக்கே பயமாக இருக்கும்.

ஒருநாள் உள்ளே வந்த பையன் போட்டிருந்த கோட்டின் முழங்கையில், மெஸ்ஸில் இருந்தபோது நான் போட்ட தையல் இருந்தது. சுந்தரேசனும் பார்த்துவிட்டான். ஆனால் முணுமுணுப்பைக் குறைக்கவில்லை. பையன் எதுவும் கேட்காமல் இட்டு நிரப்பினான். "புரியலேன்னா கேட்டிருக்கணும்" என்று சொல்லி அவனை அனுப்பினான் சுந்தரேசன். சற்று நேரத்தில் அதே கோட்டில் இன்னொருவன் வந்தான். முதல் வரியிலேயே, திரும்பச் சொல்ல முடியுமா என்று கேட்டான்.

சுந்தரேசன் இங்கிலீஷை விட்டுவிட்டான். "கேக்கணும்னு உனக்கு யார் சொன்னா?"

"இப்போ வந்துட்டுப் போனானே சார், என் ரூம்மேட். அவன்தான்."

அவன் வெளியே போனதும், "இவனையே எடுத்துடலாம், சந்தேகமே இல்லை" என்றேன் நான்.

"இவன் கெட்டிக்காரன். இவனுக்கு இன்னொரு கம்பெனி கிடைக்கும்" என்றான் சுந்தரேசன். பேசும்போது என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தான். "தனக்குப் போச்சுன்னு தெரிஞ்சப்புறமும் வெளியிலே போய்ச் சொன்னானே, அவனை யாராவது எடுக்க வேண்டாமாடா?"

அத்தனை வருஷத்தில் அந்த வராந்தாவைப் பற்றி அவன் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். முதலில் வந்த பையனையே எடுத்தோம். வேலையை அவன் சீக்கிரமே நன்றாகக் கற்றுக்கொண்டான்.

அந்தக் கோட்டு எங்கே போயிற்றோ தெரியாது. சுந்தரேசனின் உடம்புச் சூடு ஆறாமல் அது என் தோளில் விழுந்த அந்த நிமிஷம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அவன் சொன்னதும் இருக்கிறது. மங்களா முதல் தடவை சொன்னதே எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. இருந்தாலும், வெட்கப்படாமல் இன்னொரு தரம் கேட்டேன்.