பத்தொன்பது பாக்கெட்

என் தம்பி ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துறவன். ஆளுயரக் கண்ணாடியை ஒத்தையா மூணு மாடி தூக்கிட்டுப் போவான், ஒரு கீறல் விழாது. அந்தக் கையாலதான் போதைப் பவுடரையும் தொட்டுத் தொலைச்சான். அம்மாவோட வளையல்கூட மிஞ்சல. நாலு வருஷமாத்தான் மனுஷனா இருக்கான். தினம் காலையில கிளினிக்குக்குப் போய், நர்ஸ் கண் முன்னால நாக்குக்கு அடியில போதையை மறக்கடிக்கிற மாத்திரையைக் கரைச்சுட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவான்.

சிகரெட் வாங்கிக் கொடுத்தது நான்தான். லாண்டரியில இஸ்திரி போட்டுட்டு வர்ற வழியில, பால் வாங்குற மாதிரி தினம் ஒரு பாக்கெட். பெரிய சனியன் ஒழிஞ்சுது, சின்னது இருந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன். அடிமுட்டாள் நான்.

போன மாசம் அவனுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுது. தூக்கமில்ல, தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுந்தான். இந்தக் கூத்தை நான் முன்னாடியே பார்த்தவளாச்சே! அவன் குளிக்கப் போன நேரம் மெத்தையைப் புரட்டினேன். பவுடர் இல்ல. பிரிக்காத சிகரெட் பாக்கெட், பத்தொன்பது.

"வித்துப் பவுடர் வாங்கத்தானேடா சேர்க்கறே?"

"சத்தியமா இல்லக்கா. சிகரெட்டை விட்டுட்டேன், அதான் நடுங்குது. நுரையீரல் பாதி போச்சாம். புகையை நிறுத்தினாத்தான் கண்ணாடி தூக்க முடியும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

எத்தனை சத்தியம் கேட்டிருக்கேன்! கன்னத்துல ஒண்ணு விட்டேன். நானே ஒரு பாக்கெட்டைப் பிரிச்சு நீட்டினேன். "இதைப் புடிச்சுட்டு ஒழுங்கா இரு. இல்லேன்னா வெளிய போ."

அழுதுகிட்டே புடிச்சான்.

மறுநாள் கிளினிக்ல போய்ச் சண்டை போட்டேன். அவனோட சிறுநீரைச் சோதிச்சாங்க, சுத்தம். "அவர் சொன்னதெல்லாம் நிஜம்மா," சொன்னார் கவுன்சிலர். "முப்பது பாக்கெட் சேர்ந்ததும் அக்கா முன்னால கொட்டணும்னு எண்ணிக்கிட்டிருந்தார்." ஆனா அன்னிக்குப் புடிச்சவன் அப்புறம் நிறுத்தவே இல்ல.

இப்போ முதல் மாடி ஏறுறதுக்குள்ள உட்கார்ந்துடறான். மேஸ்திரி வேற ஆளை வெச்சுக்கிட்டார். நேத்து அவன் காலைப் புடிக்காத குறையாக் கெஞ்சினேன். "மறுபடி விட்டுடுடா, தங்கம்."

அவன் கோபப்படல. ஒண்ணைப் பத்த வெச்சான்.

"விட்டா கை நடுங்கும்க்கா. நடுங்கினா நீ மெத்தையைப் புரட்டுவே."