பாண்டியில் அவர் உட்கார்ந்த இடம்

எனக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. விழுப்புரத்திலிருந்து பாண்டிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். வருஷத்துக்கு நாலு தடவை என்று வைத்தாலும் எழுபது தடவைக்கு மேல் போயிருப்போம். அத்தனை தடவையும் நான் பார்த்தது பீச் ஒன்றைத்தான். என் வீட்டுக்காரர் என்னையும் மகளையும் கொண்டுபோய்க் கடற்கரைச் சாலையில் கறுப்புப் பாறைகளுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார். "ஒரு ஃப்ரெண்டப் பாத்துட்டு அரை மணி நேரத்துல வந்துடறேன்" என்பார். அந்த ஃப்ரெண்டு எந்த பாட்டில் என்று எனக்கும் தெரியும், சுண்டல் விற்கிறவருக்கும் தெரியும். மூன்று மணி நேரம் கழித்துக் கண் சிவந்து, வாயில் பீடா மணக்க வந்து, "காத்து நல்லா வருதுல்ல" என்று கேட்பார். என் மகள் அந்தப் பாறைகளை வைத்துத்தான் ஒன்று, இரண்டு எண்ணப் பழகினாள்.

போன வருஷம் வயிறு வீங்கிப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் அவரிடம் பேசவில்லை, என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டார். இனி ஒரு தடவை தொட்டால் இங்கே தூக்கிக்கொண்டு வராதீர்கள், வந்தும் பிரயோஜனம் இல்லை என்றார். அன்றோடு நிறுத்தினார். ஏழு மாதம் ஆகிவிட்டது.

அவர் நிறுத்திவிட்டார், என்னால்தான் நிறுத்த முடியவில்லை. சாயங்காலமானால் ஏதாவது சாக்கு வைத்துப் பக்கத்தில் போய் மோந்து பார்ப்பேன். சட்டைப் பையைத் தடவுவேன். பாத்ரூம் தண்ணீர் டேங்க்குக்குப் பின்னால் கையை விட்டுப் பார்ப்பேன். ஒன்றும் கிடைக்காது. ஒன்றும் கிடைக்காததாலேயே சந்தேகம் கூடிப்போனது. "சத்தியமா தொடமாட்டேன்" என்று தினமும் சொன்னார். சத்தியம் செய்வதில் மனிதருக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம்.

மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "ஏங்க, பாண்டிக்குப் போலாமா" என்றேன். இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"பாண்டிக்கா? அங்க என்னா இருக்குது?"

"அதத்தான் நானும் கேக்கறேன். எழுபது தடவ போயும் அந்த ஊர்ல என்னா இருக்குதுன்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியல."

உள்ளே வேறு கணக்கு போட்டிருந்தேன். அந்த ஊருக்குப் போய் நாக்கை அடக்கிக்கொண்டு திரும்பினால் இந்த மனிதரை நம்பிவிடலாம். இல்லையென்றால் அது இப்போதே தெரிந்து தொலையட்டும். தினம் தினம் மோப்பம் பிடித்து என் மூக்கே தேய்ந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகைக்கு ஸ்கூட்டர் எடுத்தோம். அப்போதுதான் முதல் கஷ்டம் வந்தது. அவருக்கு வழி சொல்லத் தெரியவில்லை. தெரியாமல் இல்லை, வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. "நேரா போயி அந்த... அந்த பச்சை பில்டிங் வரும்ல, அங்க லெஃப்ட்டு" என்பார். போய்ப் பார்த்தால் பச்சை பில்டிங் ஒரு பார். "அந்த மாடிப்படி வச்ச கட்டடம்" என்றால் அதுவும் பார். ஒரு ஊரையே பாட்டில் கடைகளை வைத்து மனப்பாடம் செய்திருக்கிறார். போதாக்குறைக்கு, ஒவ்வொரு கடை முன்னாலும் பால்காரர் வீட்டு மாடு மாதிரி வண்டி தானாக மெதுவாகிறது. வாடகை வண்டிக்கு அந்த வாசல்கள் தெரிய நியாயமில்லை.

"ஏன் ஸ்லோ பண்றீங்க?"

"பள்ளம்."

சாலை வழவழவென்று இருந்தது.

என் லிஸ்டில் முதலில் இருந்தது அரிக்கமேடு. பழைய காலத்துத் துறைமுகம், சரித்திரம், அங்கே எந்தச் சனியனும் இருக்காது என்று யோசித்துத்தான் போட்டிருந்தேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அரியாங்குப்பத்தில் நாலு பேரிடம் கேட்டுப் போய்ச் சேர்ந்தால், மாமரங்கள், மேய்கிற ஆடுகள், இடிந்த செங்கல் சுவர் இரண்டு. அவ்வளவுதான். ஒரு காவல்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஆள் வந்ததே அதிசயம் என்பதுபோல எழுந்து வந்தார்.

"இங்க என்னாங்க விசேஷம்?" என்று கேட்டேன்.

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால ரோம்லேர்ந்து கப்பல் வருமாம். இங்கேர்ந்து துணி, பாசிமணி போவும். அங்கேர்ந்து இவ்ளோ பெரிய ஜாடில வைன் வரும். தோண்ட தோண்ட அந்த ஜாடி ஓடுதான் கெடைச்சுதாம்."

என் வீட்டுக்காரர் முகத்தில் ஏழு மாதமாக நான் பார்க்காத வெளிச்சம். "அப்பவே இங்க சரக்கு எறங்கியிருக்குது பாத்தியா" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் ஆடுகளுக்கு நடுவே நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பாண்டியில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

மதியம் ஊருக்குள் திரும்பி, பள்ளிவாசல் இருக்கும் முல்லா வீதிப் பக்கம் போனோம். ஓட்டுக் கூரையும் மரத்தூணுமாக வரிசையாக வீடுகள். பீச்சிலிருந்து நடந்தே வந்திருக்கலாம், அத்தனை கிட்டம். பத்தொன்பது வருஷம் பாறையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் இந்த வீதிகளை நூறு முறை சுற்றியிருக்கலாம். ஒரு சின்னக் கடையில் பிரியாணி சாப்பிட்டோம். கடைக்கார பாய், "வெளியூர்க்காரங்க இந்தப் பக்கம் எட்டிப் பாக்கறதே இல்லம்மா, நீங்க எப்புடி வந்தீங்க" என்றார். வழி தவறி என்று சொன்னேன்.

மூன்று மணிக்கு என் லிஸ்ட் தீர்ந்தது. மனிதர் சுத்தமாக இருந்தார். அத்தோடு பஸ் ஏறியிருந்தால் ஜெயித்த மாதிரிதான். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. அந்த வீதிகளைப் பார்த்ததிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது.

"அடுத்து எங்க?" என்றார்.

"நீங்க உக்காருவீங்கல்ல, அந்த எடத்தக் காட்டுங்க."

"வேணாம்."

"எங்கள வெயில்ல காய வச்சிட்டு அப்படி என்னா பெரிய அரண்மனைல உக்காந்திருந்தீங்கன்னு நான் பாக்கணும்."

"வேணாம்மா. சொன்னா கேளு."

நான் கேட்கவில்லை. நான் பிடித்தால் பிடிதான். வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் கூட்டிப் போனார்.

குறுகலான மாடிப்படி. மேலே ஃபேமிலி ரூம் என்று ஒரு அறை. ஈரத் துணி வாடை. சத்தமில்லாமல் ஓடும் டிவி. ஆடுகிற ஒரு மேஜை. அரண்மனை இவ்வளவுதான். இதற்கா பத்தொன்பது வருஷம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வயதான சர்வர் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"வாங்க சார், ஆளையே காணம். பாப்பா ஹாஸ்டல்ல சேந்துடுச்சா? கடைசியா வந்தப்ப அத அனுப்பணுமேன்னு அழுதீங்களே." பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மாவுக்கு அந்தப் பல்லு வலி தேவலையா?" என்றார்.

எனக்கு நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. மகள் கிளம்பிய அன்று இந்த மனிதர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. என் பல் வலிக்கு "மாத்திரை போடு" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் வாய் திறந்ததில்லை. வீட்டில் பேச வேண்டியதை எல்லாம் இங்கே வந்து கொட்டியிருக்கிறார். எனக்குக் குடியைவிட அதுதான் வலித்தது.

சர்வர் எதுவும் கேட்காமலே போய், வழக்கம்போல ஒரு குவார்ட்டர், சோடா, கிளாஸ், அவித்த கொண்டைக்கடலை என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பழக்கதோஷம், அவர் மேல் தப்பில்லை.

தப்பு என்மேல். பாட்டிலை எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, என்ன செய்கிறார் பார்க்கலாம் என்று பார்த்தேன். தொட்டால் செத்துப்போவார் என்று டாக்டர் சொன்ன ஒரு பொருளை எதிரில் வைத்துவிட்டுப் பரீட்சை வைத்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் பாட்டிலைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்த்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது, மேஜை கடகடவென்று ஆடியது.

"எழுந்திரு, போலாம்" என்றார். "என்னால முடியல."

ஏழு மாதமாகத் தொடமாட்டேன் என்று அவர் செய்த சத்தியத்தில் ஒன்றைக்கூட நான் நம்பியதில்லை. முடியல என்று சொன்னதும் நம்பினேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். மேலேயிருந்து சர்வர் கூப்பிட்டார், திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே வந்து ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் பண்ணது தப்புங்க" என்றேன்.

"தெனமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இப்படித்தான் இருக்குது" என்றார். "ஒரு மணி நேரம் இருக்கும். அப்புறம் போய்டும்."

"என்கிட்ட சொன்னா என்னா?"

"நீ மோப்பம் புடிக்கத்தான் வருவ. எப்புடி சொல்றது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே கூப்புடுங்க" என்றேன்.

"கூப்ட்டா என்னா பண்ணுவ?"

"தெரியல. வந்து பக்கத்துல உக்காருவேன்."

வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினோம். வில்லியனூரில் கூட்டம் ஏறியது. கோலியனூர் வரும்போது மணி ஆறு. அவர் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். "வந்துடுச்சா?" என்று கேட்டேன். தலையாட்டினார். பிறகு, மகள் ஹாஸ்டலுக்குக் கிளம்பிப் போன அன்றைக்குத் தனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தார்.