கருப்பு டப்பில் மோலிக் குட்டிகள்

மாமாவை நினைத்தால், மீன்தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அவர் குந்தியிருப்பதுதான் முதலில் கண்ணில் வருகிறது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். விழுப்புரம் ரயில் நிலையத்தில் பார்சல் ஆபீசில் வேலை. டூட்டி முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அக்கா காபியோடு வந்து நிற்பாள். “சின்ன வூட்டப் பாத்து முடிச்சிட்டீங்கன்னா பெரிய வூட்டுப் பக்கமும் கொஞ்சம் திரும்புங்க” என்பாள்.

அவர் வளர்த்தது கருப்பு மோலி. முட்டையிடாமல் குட்டியாகவே போடும் மீன். போட்டதுமே குட்டிகள் நீந்தத் தொடங்கிவிடும். கொடுமை என்னவென்றால், பெற்ற தாயே துரத்தித் தின்றுவிடும். ஒவ்வொரு முறையும் மாமா டூட்டியில் இருக்கும்போதுதான் அது குட்டி போட்டது. வந்து பார்த்தால் வயிறு வற்றிய தாயும் வெறும் தண்ணீரும்தான். அக்காவுக்கு அந்த மீனைக் கண்டாலே ஆகாது. அதற்கென்ன தெரியும், அசைவதெல்லாம் இரை என்று நினைக்கிறது என மாமா அதற்காகப் பரிந்து பேசுவார். ஒரு ஈற்றையாவது வளர்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

போன வருஷம் லீவே போட்டுவிட்டார். மீனின் பிரசவத்துக்கு லீவு போட்ட மனுஷன் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். சிமெண்டு கலக்கும் கருப்பு பிளாஸ்டிக் டப்பைக் கழுவி, தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்றி, வேலம்பாசியைக் கொத்தாகப் போட்டு, வயிறு பெருத்த மீனை விட்டார். குட்டிகள் பாசிக்குள் ஒளிந்துகொண்டதும் தாயை வலையால் எடுத்துத் தொட்டிக்கே அனுப்பினார். டப்பைத் தோட்டத்துக் குழாயடியில் நிழலில் வைத்தார். வேகவைத்த மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்து ஊட்டினார். திண்டிவனத்தில் இருக்கும் எனக்குப் போன் வந்தது.

“மச்சான், அத்தினியும் உசுரோட இருக்குது. தாயி வாய்க்கு அடங்காத அளவு வளந்துட்டா போதும், அதுங்கிட்டயே வுட்டுடலாம்.”

அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

குட்டிகள் அந்த அளவுக்கு வருவதற்குள் மாமா போய்விட்டார். டூட்டியிலேயே நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் முடிந்துவிட்டது. அக்கா அழவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள், அவ்வளவுதான். வந்த பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தும் அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இப்படியே இருந்தால் இவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எல்லோருக்கும் பயம்.

எங்கள் குடும்பத்தில், பிணத்தை எடுத்ததும் வீட்டிலிருக்கும் தண்ணீர் அத்தனையையும் கொட்டிவிட்டு வீட்டைக் கழுவுவார்கள். குடம், பக்கெட், அண்டா எதிலும் பழைய தண்ணீர் நிற்கக் கூடாது. ஒலக்கூர்ப் பெரியம்மா முன்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டார். கூடத்துத் தொட்டியில் மீன் தெரிந்ததால் அதைத் தொடவில்லை. தோட்டத்து டப்பில் என்ன தெரியும்? கருப்பு டப்பு, கருப்புக் குட்டிகள், மேலே பாசி. ஏதோ அழுக்குத் தண்ணீர் என்று சாக்கடையில் சாய்த்துவிட்டார்கள்.

நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது அக்கா குழாயடியில் நின்றிருந்தாள். கவிழ்த்து வைத்திருந்த டப்பைக் காட்டினாள்.

“பெரிம்மா, இதுல இருந்த தண்ணி?”

“ஊத்தியாச்சும்மா. எல்லாத்தயும் ஊத்திடலாமான்னு ஒன்னயக் கேட்டுக்கினுதான ஊத்துனோம்.”

அக்கா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து சாக்கடைக்குள் கையை விட்டுத் துழாவினாள். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த அழுகையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தூக்கப் போன என்னைப் பெரியம்மா தடுத்தார். “வுடு, அழட்டும். இப்பத்தான் புருசன் போனது ஒறைக்குது” என்றார். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அதைத் தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தொட்டி முழுக்கப் பாசி அடைத்துக் கிடக்கிறது. மீன் ஒன்றும் கண்ணில் படவில்லை. மறுபடி குட்டி போட்டதா, ஏதாவது பிழைத்ததா என்று கேட்டேன். அவள் பாசியை விலக்கிப் பார்த்ததே இல்லையாம். பார்க்கப் பயமாக இருக்கிறதாம். காலையில் தீனியைத் தூவிவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

“சாயங்காலம் பாத்தா தீனி காலியாயிருக்கும். உள்ள யாரோ சாப்புடறாங்க இல்ல. எனக்கு அது போதும்டா” என்றாள்.